அவன் பம்பாய் போயிருந்த நாட்கள்

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வலி வந்தது கீழ்த்தாடையில். கடைவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு என்று ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். கிராம்பைக் கடித்தபடியே செத்திருப்பேன். சாகாமல் போனதற்குக் காரணம் திரவியம். இதில் அவனைப் பற்றித்தான் அதிகம் வரும். என் நோயைப் பற்றிச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். என்னைப்போல மானேஜர் நாற்காலியில் இருப்பவர்களுக்கு உபயோகப்படலாம்.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியின் மானேஜர். வருகிற கப்பலுக்கு இடம் பிடிப்பது, சரக்கு ஏற்றி இறக்க ஆள் சேர்ப்பது, சுங்கத்தில் காகிதங்களை முடிப்பது, காப்டனுக்குக் குடிதண்ணீரிலிருந்து கோழிவரை அனுப்புவது எல்லாம் எங்கள் பொறுப்பு. திரவியம் எங்களுக்குப் போட்டியான இன்னொரு ஏஜென்சியின் மானேஜர். எங்கள் இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு வரவேண்டிய கப்பலை அவன் பிடிப்பான், அவனுடையதை நான் பிடிப்பேன்.

பழைய துறைமுகத்தில் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவரும். இருட்டிவிட்டால் பெரும்பாலும் வேலை நின்றுவிடும், எங்களுக்கும் ராத்திரி என்று ஒன்று இருந்தது. புதிய துறைமுகம் வந்தபிறகு கப்பல் நேராகக் கரையிலேயே வந்து கட்டியது. விளக்குப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் வேலை. ஒரு மணிநேரம் தாமதமானாலும் பம்பாயில் இருக்கும் கப்பல் கம்பெனியிலிருந்து டிரங்க் கால் வரும். வீட்டில் தட்டில் சோறு போட்டிருக்கும், நான் டெலிபோன் பக்கத்தில் நிற்பேன். என் மனைவி எஸ்தர் தட்டை மூடி வைப்பாள், பிறகு திறப்பாள், திரும்ப மூடி வைப்பாள். சாப்பாட்டை விட சிகரெட் வசதியாக இருந்தது.

இன்ஷூரன்சுக்காகப் பரிசோதித்த டாக்டர், ரத்த அழுத்தம் இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார். விடியுமுன் கடற்கரைச் சாலைக்குப் போனேன். எதிரே கான்வாஸ் ஷூவும் மப்ளருமாக ஒருவர் வந்தார். கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது, திரவியம். அவனுக்கும் எவரோ ஒரு டாக்டர் அதையே சொல்லியிருக்கிறார். இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

"இங்கன நாம பாத்ததா ஆபீசுல சொல்லாண்டாம், என்ன?" என்றான்.

"நீங்களும் சொல்லாதீங்க, மிஸ்டர் திரவியம்."

"இந்த நேரத்துல என்னலே மிஸ்டர்!"

அப்படி ஆரம்பித்தது. பகலில் துறைமுக அலுவலகத்தில் அவன் எனக்கு மிஸ்டர் திரவியம், நான் அவனுக்கு மிஸ்டர் ஐசக். விடியற்காலையில் இருவரும் 'ஏலே'. கப்பலைப் பற்றிப் பேசக்கூடாது என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. அவன் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன், நான் நாசரேத். பேச எவ்வளவோ இருந்தது. முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் நடையை விடுவதில்லை. இரண்டு மணிநேரம் தூங்கி எழுந்து வந்து நடந்த நாட்களை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சிகரெட்டுக்கும் தூக்கமின்மைக்கும் சேர்த்து இந்த நடை ஈடுகட்டிவிடும் என்று உறுதியாக நம்பினோம்.

தாடை வலித்த அன்று எங்கள் கப்பலில் உப்பு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் திரவியத்தின் கப்பல் நின்றது. வெயில் ஏறியதும் வலி தாடையிலிருந்து இடது தோளுக்கு இறங்கியது. லாரி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரவியம் கவனித்துவிட்டு வந்தான்.

"என்ன மிஸ்டர் ஐசக், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லுவலி."

கிட்டே வந்து என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். சுற்றி இரண்டு கம்பெனி ஆட்களும் நின்றார்கள். அதை அவன் லட்சியம் செய்யவில்லை.

"ஏலே, பல்லுவலிக்கு எவனுக்குலே இப்படிச் சட்டை நனையும்?"

என்னை அணைத்துத் தூக்கித் தன் காரில் போட்டு அவனே ஓட்டினான். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை என் சட்டையைப் பிடித்தபடி. "கண்ண மூடாதலே. எதையாவது பேசு" என்றான். நான் கப்பலின் மூன்றாம் நம்பர் சரக்கு அறையில் மூட்டை அடுக்கினது சரியில்லை என்று சொன்னேனாம். "கப்பல் கெடக்கு, சவம்" என்று அவன் கத்தினது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் ஊசி போட்டார்கள். பிறகு மார்பிலும் கை கால்களிலும் ஏதோ பசையைத் தடவி, ஒயர்களை மாட்டி, ஒரு பெட்டியிலிருந்து நீளமான காகிதத்தை இழுத்தார்கள். இதயம் துடிக்கும்போது உண்டாகிற மிகச் சிறிய மின்சாரத்தை அந்தப் பெட்டி கோடாக எழுதிக் காட்டும். அதற்குப் பெயர் ஈ.சி.ஜி. எனக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது அல்லவா, அந்த இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் தனியாக இருக்கின்றன. அதில் ஒன்று எனக்கு அடைத்துவிட்டது. அந்தக் குழாயை நம்பியிருந்த சதை செத்துவிட்டது. செத்தது செத்ததுதான், திரும்ப வராது. ஆனால் புண் ஆறித் தழும்பாகும் வரை இதயம் அலட்டிக்கொள்ளக் கூடாது. அதற்கு மருந்தைவிடப் படுக்கைதான் முக்கியம் என்றார் டாக்டர். படுக்கை என்றால் நாம் நினைக்கிற படுக்கை இல்லை. உட்காரக்கூடாது. தானாகப் புரளக்கூடாது. எஸ்தர்தான் ஊட்டினாள். முகச்சவரம் செய்துகொள்ளக் கையைத் தூக்கக்கூடாது. மற்றதெல்லாம் படுத்த இடத்திலேயே, சிஸ்டர் கொண்டுவருகிற தட்டில். முந்தின நாள்வரை நூறு பேரை மேய்த்தவனுக்கு அந்தத் தட்டுத்தான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் நிதானமான மனிதர். இரண்டு மூன்று நாட்கள் கழித்து என் தினசரி வாழ்க்கையைக் கேட்டார். நடையைப் பற்றிச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்திருக்கவேண்டும்.

"எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?"

சொன்னேன்.

"எத்தனை மணிக்கு எந்திரிச்சு நடப்பீங்க?"

அதையும் சொன்னேன்.

"நடக்கது நல்லதுதான், மிஸ்டர் ஐசக். ஆனா நீங்க அந்த நேரத்தை ஆபீசுலருந்து எடுக்கல. தூக்கத்துலருந்து எடுத்திருக்கீங்க. அப்ப அது நடை இல்ல, இன்னொரு வேலை."

எனக்கு அது வரை அப்படித் தோன்றியதே இல்லை. மறுநாள் காலை திரவியத்திடம் சொன்னேன். "அப்பம் நாம ரெண்டு பேரும் இத்தன வருசமா ஓவர்டைம் பாத்திருக்கோம்லே" என்றான். ஆனால் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் தினமும் வந்தான். பார்வையாளர் நேரத்தில் வரமுடியாது, அவனுக்கு ஆபீஸ். விடிகிற நேரத்தில் காவல்காரரைச் சமாளித்து உள்ளே வந்துவிடுவான். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் எஸ்தரை எழுப்பாமல் தாண்டி வருவான். "எந்திரிலே, நடப்போம்" என்பான். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அங்குமிங்கும் நடந்துகொண்டே, இப்போது மாதா கோயிலைத் தாண்டுகிறோம், இப்போது பழைய துறைமுகம், சங்கு குளிக்கிறவர்கள் தோணியைத் தள்ளுகிறார்கள், ஒருவன் உன்னை எங்கே என்று கேட்கிறான் என்று சொல்லிக்கொண்டே போவான். அன்று காலை பார்த்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொல்வான். பொய் என்று எனக்குத் தெரியும். அவன் ஷூவில் கடற்கரை மணல் இருக்காது. உர மூட்டையின் வெள்ளைத் தூசிதான் இருக்கும். இரவெல்லாம் துறைமுகத்தில் நின்றுவிட்டு நேராக என்னிடம் வருகிறான்.

"வீட்டுக்குப் போய்த் தூங்குலே" என்பேன்.

"இனும போய்தான். உன்ன வீட்டுல கொண்டு விடாம நான் எப்படிப் போக?"

தினமும் அதே நாற்காலியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொன்னான். சட்டையில் வாடை அடிக்கும்.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை திரவியம் வரவில்லை.

கப்பல் வந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. எஸ்தரிடம் கேட்டேன்.

"மெட்ராஸ் போயிருக்காவளாம், அத்தான்" என்றாள், தலையணை உறையை மாற்றிக்கொண்டே.

அடுத்த நாள் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா பார்க்க வந்தார். அவரிடமும் கேட்டேன். "பம்பாய் சார்" என்றார். சொல்லிவிட்டு எஸ்தரைப் பார்த்தார்.

"மெட்ராஸ்னுல்லா சொன்னா?"

"மெட்ராஸ் போய், அங்கருந்து பம்பாய் சார்."

எங்கள் சபைப் போதகர் ஜெபிக்க வந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். திரவியத்தைப் பார்த்தீர்களா ஐயா என்று நான் வாயெடுத்ததும், "ஜெபிப்போமா?" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆமென் சொன்ன கையோடு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவன் என்னைப் பார்க்க வருவது அவனுடைய முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. போட்டிக் கம்பெனிக்காரனோடு என்ன சகவாசம் என்று கேட்டிருப்பார். இவன் அதற்கு அடங்கிவிட்டான். நான் இப்படிக் கிடக்கும்போது அடங்கிவிட்டானே என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. சாப்பாடு வேண்டாம் என்றேன். மாத்திரையைத் தட்டிவிட்டேன். "நானே எந்திரிச்சுப் போய் அவன் ஆபீசுல கேக்கேன்" என்று முழங்கையை ஊன்றி எழுந்தேன். நெஞ்சுக்குள் துடிப்பு தாறுமாறாக ஓடி, நடுவில் நின்று, மறுபடி ஓடியது. சிஸ்டர் ஓடிவந்து தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். டாக்டர் வந்து வெகுநேரம் என் நெஞ்சிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. வெளியே போய் எஸ்தரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் அழுவது மட்டும் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் திரவியத்தின் மனைவி செல்லக்கனி வந்தாள்.

அவளை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு குடும்பங்களும் வெளிப்படையாகப் போக்குவரத்து வைத்துக்கொள்ள முடியாது. மஞ்சள் கலந்த பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ. நெற்றியில் குங்குமம் கொஞ்சம் பெரியதாக, ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. எஸ்தர் அவள் பின்னால் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியபடி நின்றாள். அந்தப் புழுக்கத்தில் ஏன் போர்த்தியிருக்கிறாள் என்று நினைத்ததோடு சரி.

"எப்படி இருக்கிய, அண்ணே?"

"நான் கெடக்கட்டும். அவன் எங்க?"

"பம்பாய்க்குப் போயிருக்காவ. முதலாளி திடீர்னு அனுப்பிட்டாவ."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமலா?"

"வந்தாவளாம். நீங்க அசந்து தூங்கிட்டிருந்தியளாம். எழுப்பாண்டாம்னு வந்துட்டாவ."

நான் நம்பினேன். எனக்கு நம்பவேண்டியிருந்தது.

"முதலாளி ஒண்ணும் சொல்லலியே? என்னைப் பாக்க வாரதுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணே. சொன்னாத்தான் அவுக கேட்டிருவாவளா?"

"அது சரிதான்" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை நாள் கழித்துச் சிரித்தேன். "அங்க போனா டீயும் சிகரெட்டுமாத்தான இருப்பான். சாப்பிடுதானா?"

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றாள்.

"தூங்குதானா? அதச் சொல்லு மொதல்ல. டாக்டர் சொன்னதெல்லாம் அவனுக்கும் சேத்துத்தான்."

முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்பம் நல்லாத் தூங்குதாவ, அண்ணே."

"வந்ததும் நேரா இங்கதான் வரணும்னு சொல்லு."

"சொல்லுதேன்."

உடனே போய்விடவில்லை. திரவியம் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவனைப் பற்றி நான் ஏதேதோ சொல்ல, அவள் பதில் சொன்னாள். அவன் பம்பாயிலிருந்து மூத்த மகளுக்கு என்ன வாங்கிவருவான் என்றுகூடப் பேசினோம். அவள் போனபிறகு எஸ்தர் ஊட்டியதை முழுவதும் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். துடிப்பு சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

பிறகு வேகமாகத் தேறினேன். முதலில் தலையணை வைத்து உட்காரவிட்டார்கள். பிறகு காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு. முதல்முறை தரையில் கால் ஊன்றியபோது, பாதம் என்னுடையது இல்லை போலிருந்தது. சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா முனைவரை போய்வந்தேன். இதைத் திரவியம் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பப்போகும் அன்று டாக்டர் வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் வாசலில் ஊசியோடு நின்றார். எஸ்தர் என் கால்மாட்டில்.

"மிஸ்டர் ஐசக், உங்க சிநேகிதர் பம்பாய் போகல" என்றார் டாக்டர்.

அவர் சொல்லி முடிக்கும்வரை மணிக்கட்டை விடவில்லை. ஆறுதலுக்காகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். நாடியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

மற்றதை எஸ்தர் சொன்னாள். கடைசியாக என்னைப் பார்த்துவிட்டுப் போன அன்று காலையிலேயேதான் அது நடந்திருக்கிறது. வீட்டுக்குப் போய், பத்து நிமிடம் சாய்கிறேன், காப்பி போடு என்று சொல்லிப் படுத்திருக்கிறான். செல்லக்கனி காப்பியோடு வந்தபோது அசையாமல் கிடந்திருக்கிறான். எத்தனையோ நாளைக்குப் பிறகு இப்படித் தூங்குகிறாரே, தூங்கட்டும் என்று காப்பியை மூடிவைத்திருக்கிறாள். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஆபீசிலிருந்து போன் வந்திருக்கிறது. "அவுக தூங்குதாவ, நான் எழுப்ப மாட்டேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது தடவை போன் வந்தபோதுதான் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

அந்த நாட்களில் அவன் தன் கப்பலோடு எங்கள் கப்பலையும் பார்த்துக்கொண்டிருந்தான் என்று குமாஸ்தா பிறகு சொன்னார். நான் இல்லாமல் அவர் திணறியபோதெல்லாம் பக்கத்திலிருந்து வந்து, யாரிடமும் சொல்லாதீரும் ஓய் என்று சொல்லிச் சரிசெய்து கொடுத்திருக்கிறான்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றியும் எஸ்தர் சொன்னாள். என் நிலைமையைச் சொல்லி அழத்தான் அவள் செல்லக்கனி வீட்டுக்குப் போயிருக்கிறாள். வரச்சொல்லிக் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செல்லக்கனியே எழுந்திருக்கிறாள். தாலியைக் கழற்றியாயிற்று, பதினாறுகூடக் கழியவில்லை, எங்கே புறப்படுகிறாய் என்று வீட்டிலிருந்தவர்கள் மறித்திருக்கிறார்கள். "அவுக தூக்கிட்டுப் போயிச் சேத்த உசிரு. நான் விட்டுறவா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் எஸ்தர் குங்குமமும் பூவும் வாங்கினாள். நர்சுகள் அறையில் வைத்து அவளே செல்லக்கனிக்குப் பொட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக யாரும் பொட்டு வைத்ததில்லை. எஸ்தருக்கு எந்த விரலால் வைப்பது என்றுகூடத் தெரியாது. பொட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கப் போனபோது, "இருக்கட்டும் அக்கா, ரெண்டு தடவ வைக்காண்டாம்" என்று செல்லக்கனி கையைப் பிடித்துக்கொண்டாளாம். சிஸ்டர் கண்ணாடியைப் பிடித்திருக்கிறார். அவள் அதில் பார்க்கவில்லை. வெறுங்கழுத்து தெரியக்கூடாது என்று எஸ்தர் தன் தாலிச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, சிலுவை போட்ட தாலியைச் சேலைக்குள் மறைத்துவிட்டாள். வளையலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான் கைகளை முந்தானைக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

நான் அழவில்லை. அழுதால் துடிப்பு கெட்டுவிடும் என்று எல்லோரும் பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அழக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் மேலும் ஒரு மாதம் படுக்கை. படியேறலாம் என்று டாக்டர் அனுமதித்ததும் முதலில் போனது திரவியத்தின் வீட்டுக்குத்தான். அதற்கு முன்னால் நான் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. செல்லக்கனி வெளுத்த சேலையில் வந்து நின்றாள். எஸ்தர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் அடுக்களைக்குப் போய் எனக்குச் சர்க்கரை குறைவாகக் காப்பி கொண்டுவந்தார்கள்.

என்ன கேட்பது என்று தெரியாமல், "அன்னைக்கு உன்னால எப்படிம்மா முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"உங்களுக்காவன்னு நெனச்சுத்தான் பொறப்பட்டேன், அண்ணே" என்றாள். "வந்த பொறவு அப்படி இல்ல. ஊருக்கெல்லாம் அவுக செத்துப் போயாச்சு. உங்களுக்கு மட்டுந்தான் உசிரோட இருந்தாவ. சாப்பிடுதானா, தூங்குதானான்னு கேட்டிய. பிள்ளைக்கு என்ன வாங்கிட்டு வருவான்னு கேட்டிய. இன்னும் கொஞ்சநேரம் அங்கனயே இருக்கணும்போல இருந்தது. வெளிய வந்து எஸ்தரக்கா பூவ எடுத்த பொறவுதான் எனக்கு அவுக திரும்பவும் போனாவ."

அவள் என் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"காலம்பர நீங்க ரெண்டுபேரும் என்னத்தப் பேசுவிய? வீட்டுக்கு வந்தா அவுகளுக்குப் போனுக்குத்தான் நேரம் இருக்கும். இல்லன்னா அசதி. அந்த ஒரு மணிநேரந்தான் அவுக சும்மா இருந்தது. அது உங்ககிட்ட இருந்தது."

நான் யோசித்தேன். அத்தனை வருடப் பேச்சில் ஒன்றுகூட முழுதாக ஞாபகம் வரவில்லை. பனங்கிழங்கைச் சுட்டுத் தின்பதா, அவித்துத் தின்பதா என்று ஒரு வாரம் சண்டை போட்டோம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் போல அவன் நடந்து காட்டுவான். பெரிதாக எதுவும் இல்லை.

"சிரிச்சுக்கிட்டே இருப்போம்மா" என்றேன்.

"அவுக சிரிப்பாவளா?"

"சிரிப்பானாவா! சிரிப்பு வந்துட்டா அவனால நடக்க முடியாதுல்லா."

"எப்படி?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்றேன். எஸ்தர் பதறி, "பைய, அத்தான்" என்றாள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, அவன் தோள் குலுங்குகிற மாதிரிக் குலுங்கிக் காட்டினேன். சத்தம் எனக்கு வரவில்லை. மூத்த பெண் உள் அறையிலிருந்து வந்து கதவோரம் நின்று பார்த்தாள்.

"சத்தமாச் சிரிப்பான்மா" என்றேன் குனிந்தபடியே. "ரோட்டுல போறவுகளெல்லாம் திரும்பிப் பாப்பாவ."

செல்லக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமாச் சிரிப்பாவன்னு எனக்குத் தெரியாதே, அண்ணே" என்றாள்.